பாறையிலிருந்து கூடத்துக்கு

ஸ்டாக்ஹோமின் புறநகர்களில் நிலத்துக்குக் கீழே நூறு, நூற்றைம்பது மீட்டர் ஆழத்தில் இருக்கும் பாறையின் வெப்பநிலை ஏறக்குறைய 8 டிகிரி செல்சியஸ். அதன்மேல் கை வைத்தால் சற்று நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும். அதே ஊரில், வெளியே மைனஸ் 15 டிகிரி குளிர் அடிக்கும் ஜனவரி இரவில், ஒரு குடும்பம் 21 டிகிரிக் கூடத்தில் மெல்லிய சட்டையோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது. வீட்டில் விறகு எரியவில்லை, எண்ணெய் எரியவில்லை, புகைபோக்கி சும்மா நிற்கிறது. அந்தக் கூடத்தின் கதகதப்பில் பெரும்பங்கு 8 டிகிரிப் பாறையிலிருந்து வந்தது.

குளிர்ந்த பொருளிலிருந்து சூடான இடத்துக்கு வெப்பம் தானாகப் போகாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த விதியை இங்கே யாரும் மீறவில்லை. பாறையை விட்டுக் கிளம்பிய வெப்பம் வழி நெடுகச் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் இறங்கி வருகிறது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் அதை மேலே தூக்கிவிட வேண்டும். அந்த ஓர் இடத்துக்குத்தான் மின்சாரம் தேவைப்படுகிறது. வெப்பத்தின் இந்தப் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து கூடவே போய்ப் பார்த்தால், ஒரு வீட்டைச் சூடாக்குவதற்கு எதையாவது எரித்தே ஆக வேண்டும் என்று மனிதர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம்பிவந்தது எவ்வளவு பெரிய வீண் செலவு என்று தெரியும்.

முதலில், அந்த வெப்பம் பாறைக்குள் எப்படி வந்தது? பூமியின் நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும் நெருப்புதான் மேலே வருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஐஸ்லாந்துபோல எரிமலை இருக்கும் நாட்டில் அது உண்மை. ஸ்வீடனின் பழம்பாறைப் பகுதியில் நிலைமை வேறு. பூமியின் ஆழத்திலிருந்து ஒரு சதுர மீட்டர் நிலத்துக்கு மேலேறி வரும் வெப்பம் ஒரு வாட்டில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கும். ஆயிரம் சதுர மீட்டர் மனைக்குக் கணக்குப் போட்டால் 60 வாட்; பழைய குண்டு பல்பு ஒன்றுக்குத்தான் போதும். ஒரு வீட்டுக்கோ கடுங்குளிரில் பல ஆயிரம் வாட் வேண்டும்.

ஆகவே வெப்பத்தை இப்படித் தூக்கிவிடும் ஹீட் பம்ப் என்ற இயந்திரம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் வெயிலின் சேமிப்பு. நிலத்தின் மேற்பரப்பு கோடையில் சூடேறி, குளிர்காலத்தில் ஆறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் கீழே போகப் போகத் தேய்கிறது. பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே கோடையும் இல்லை, பனியும் இல்லை. அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டிய ஒரே வெப்பநிலை நிலைத்து நிற்கிறது. இதை முதலில் கவனமாக அளந்த இடங்களில் ஒன்று பாரிஸ் வானாய்வகத்தின் நிலவறை. 28 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அந்த அறையில் 1783-ல் வேதியியலாளர் லவாய்சியேயின் வெப்பமானி ஒன்றை வைத்தார்கள். ஆண்டு முழுவதும் அது 12 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே நின்றது. தலைக்கு மேலே பாரிஸ் வெயிலில் காய்வதும் பனியில் உறைவதும் அதற்குத் தெரியவே இல்லை.

ஸ்டாக்ஹோமின் கிரானைட்டும் நைஸ் பாறையும் ஏறக்குறைய 180 முதல் 190 கோடி ஆண்டுப் பழையவை. வெப்பத்தைக் கடத்துவதில் களிமண்ணைவிடவும் மணலைவிடவும் கெட்டிப் பாறை கெட்டிக்காரன். ஸ்வீடனில் பல இடங்களில் மண் போர்வை மெலிது; சில மீட்டரிலேயே பாறை தட்டிவிடும். விவசாயிக்குக் கொடுமையான அந்த நிலம் பாறையிலிருந்து வெப்பம் எடுக்கும் தொழிலுக்கு வரமாக அமைந்தது.

வெப்பத்துக்கு வழி திறந்துவிட ஒரு ரிக் வர வேண்டும். இந்தக் காட்சி தமிழர்களுக்கு விளக்கம் தேவையில்லாதது. நாமக்கல் மாவட்டம் திருச்செங்கோட்டிலிருந்து இந்தியா முழுவதும் போர்வெல் போடப் போகிற ரிக்குகளில் எந்த முறையோ அதே முறைதான் அங்கேயும். கம்ப்ரசர் காற்று துளைக்குள் இறங்கும் குழாய்களின் வழியே கீழே போய், துளையின் அடியில் இருக்கும் ஹேமரை இயக்குகிறது. பிட் பாறையை இடித்துப் பொடியாக்குகிறது. அதே காற்று பொடியையும் தண்ணீரையும் மேலே தள்ளுகிறது. ஸ்வீடனில் வழக்கமாகப் போடும் துளையின் அகலம் 115 மில்லிமீட்டர். நம்மூர்க் கணக்கில் நாலரை இஞ்ச் போர். திருச்செங்கோட்டு டிரில்லர் ஒருவரை அங்கே நிறுத்தினால் இயந்திரத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அவருக்கு வியப்பாக இருக்கப்போவது வேறு: தண்ணீர் கிடைத்ததா என்று அங்கே யாரும் பதைப்பதில்லை. நீர்மட்டம் மேலே இருந்தால் நல்லது, அவ்வளவுதான். பாறை இருந்தால் போதும்.

மேல் மண்ணிலிருந்து அழுக்கு நீர் உள்ளே இறங்காதபடி இரும்புக் கேசிங் இறக்கி, கெட்டிப் பாறைக்குள் குறைந்தது இரண்டு மீட்டர் நுழைத்து, சுற்றி அடைக்கிறார்கள். பக்கத்து வீட்டாரின் குடிநீர்க் கிணற்றைக் காப்பதற்கான விதி இது. 150 முதல் 250 மீட்டர் வரை போகும் துளையை ஓரிரு நாளில் முடித்துவிடுகிறார்கள். டிரில்லர் எத்தனை மீட்டரில் பாறை தட்டியது, எங்கே தண்ணீர் வந்தது என்பதையெல்லாம் ஸ்வீடனின் நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். 1970-களிலிருந்து சட்டம் அப்படி. நாடெங்கும் தோண்டப்பட்ட துளைகளின் ஜாதகம் ஒரே ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. கணக்கில்லாமல் போர் போட்டு நிலத்தடியைக் காலிசெய்யும் நம் ஊர்களுக்கு இந்த ஒரு பழக்கத்தை மட்டும் கொண்டுவந்தாலே பெரிய காரியம் என்று நினைக்கிறேன்.

துளைக்குள் 40 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் குழாய் இறங்குகிறது. அடியில் வளைந்து திரும்பி மேலே வருகிறது. குழாய்க்குள் ஓடுவது தண்ணீரும் எத்தனாலும் கலந்த திரவம். எத்தனால் சேர்ப்பது உறையாமல் இருக்க. மற்ற ரசாயனங்களை விட்டுவிட்டு எத்தனாலைத் தேர்ந்தெடுத்தது, எப்போதாவது கசிந்தாலும் நிலத்தடி நீரில் நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்த்துவிடும் என்பதற்காக. குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் ஊறி நிற்கும் நிலத்தடி நீரே வெப்பத்தைக் கைமாற்றுகிறது. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அந்த இடைவெளியைப் பெண்டோனைட் களிமண் குழம்பால் அடைக்கிறார்கள். ஸ்வீடனின் கெட்டிப் பாறையில் அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

நடுக்குளிர்காலத்தில் இந்தத் திரவம் ஏறத்தாழ மைனஸ் 3 டிகிரியில் கீழே போகிறது. பாறை 8 டிகிரி. ஆகவே வெப்பம் பாறையிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து திரவத்துக்கு இறங்குகிறது. திரவம் 0 டிகிரியில் மேலே வருகிறது. மூன்று டிகிரி லாபம். வீட்டுக்குள் நுழையும் குழாயின்மேல் பனி பூத்திருக்கும். வீட்டைச் சூடாக்கும் சரக்கு இதில்தான் வருகிறது என்று சொன்னால் புதியவர் நம்ப மாட்டார்.

துணி துவைக்கும் அறையில் அலமாரி உயரத்தில் ஒரு பெட்டி நிற்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடுகளை அடுக்கிச் செய்த ஒரு மாற்றி. தகட்டின் ஒரு பக்கம் 0 டிகிரித் திரவம். மறுபக்கம் ஏசி மெக்கானிக்குகள் கேஸ் என்று சொல்லும் குளிர்பொருள். இப்போது வரும் இயந்திரங்கள் பலவற்றில் அது புரோபேன். நாம் சமையலுக்கு எரிக்கும் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்திருப்பதும் அதுதான். திறந்த வெளியில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும் பொருள் அது. பெட்டிக்குள் அழுத்தத்தைச் சரிசெய்து, மைனஸ் 6 டிகிரி வாக்கில் கொதிக்கும்படி வைத்திருக்கிறார்கள். 0 டிகிரித் திரவம் அதற்கு அடுப்பு. பாறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு புரோபேன் ஆவியாகிறது.

வெப்பம் இதுவரை இறங்கித்தான் வந்திருக்கிறது. அடுத்தது கம்ப்ரசர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுமே, அந்த வேலைதான் இங்கே நடக்கிறது. ஆவியை நெருக்கியதும் அதன் வெப்பநிலை 70, 80 டிகிரிக்கு எகிறுகிறது. இன்னொரு தகட்டு மாற்றியில் அந்தச் சூடான ஆவி வீட்டின் தரைக்கடியில் குழாய்களில் ஓடும் தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகிறது; பிறகு ஒரு குறுகிய வால்வின் வழியே பீய்ச்சப்பட்டு, அழுத்தம் குறைந்து, குளிர்ந்து, மீண்டும் கொதிக்கப் போகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கம்ப்ரசர் செலவழித்தால் இரண்டு மூன்று யூனிட் பாறையிலிருந்து வந்து சேர்ந்து, மூன்று நான்கு யூனிட்டாக வீட்டுக்குள் போகிறது. அதே ஒரு யூனிட்டைச் சாதாரண மின்கம்பி ஹீட்டரில் எரித்தால் கிடைப்பது ஒன்றே ஒன்று.

இந்தப் பெட்டியின் வம்சாவளி நீளமானது. கிளாஸ்கோவில் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு, கட்டடங்களைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் வெப்பத்தை இடம் மாற்றும் இயந்திரம் செய்யலாம் என்று 1852-ல் எழுதினார். எரிப்பதைவிட அது சிக்கனம் என்பதை அவர் அப்போதே கணக்கில் காட்டிவிட்டார். ஆனால் அந்த இயந்திரத்தைச் செய்ய யாரும் முன்வரவில்லை. பிரிட்டனில் நிலக்கரி அவ்வளவு மலிவு. காடு அழிந்துகொண்டிருந்த ஆஸ்திரியாவில்தான் தேவை கழுத்தை நெரித்தது. உப்புநீரைக் காய்ச்ச மலை மலையாக விறகு எரித்தார்கள். எபென்சே உப்பாலையில் 1850-களில் பீட்டர் ஃபான் ரிட்டிங்கர் என்ற பொறியாளர், உப்புநீரிலிருந்து எழும் நீராவியையே நெருக்கிச் சூடேற்றி, அதே உப்புநீரைக் காய்ச்ச வைத்தார். இயந்திரத்தை ஓட்டியது நீர்ச்சக்கரம். விறகில் எண்பது விழுக்காடு மிச்சமாகும் என்பது அவருடைய மதிப்பீடு. உப்பு படிந்து கெட்டியாகிக் கருவியை முடக்கிப்போட்டதால் அவரால் அதைத் தொழிலாக நிலைநிறுத்த முடியவில்லை. ஆனால் கருத்து சரி என்பதை அவர் மெய்ப்பித்துவிட்டார்.

நிலத்திலிருந்தே வெப்பம் எடுக்கலாம் என்று காப்புரிமை வாங்கியவர் சுவிட்சர்லாந்தின் ஹைன்ரிஷ் சோல்லி, ஆண்டு 1912. நீராவி விசையாழிகளால் பெயர்பெற்ற அவருடைய இந்த யோசனை காலத்துக்கு முந்திவிட்டது. 1938 வாக்கில் சூரிச் நகர மன்றக் கட்டடம் தன் காலடியில் ஓடும் லிம்மாட் ஆற்றிலிருந்து வெப்பம் எடுக்கத் தொடங்கியது. நிலக்கரியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டிய நாடு அது. உலகப் போர் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த இயந்திரம் 2001 வரை, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓடியது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் 1945-ல் ராபர்ட் வெப்பர் என்ற மின்நிறுவன ஊழியர் தன் வீட்டு நிலத்தில் செப்புக் குழாயைப் புதைத்து, அதற்குள் நேரடியாகக் குளிர்பொருளை ஓடவிட்டு வீட்டைச் சூடாக்கினார். அமெரிக்காவில் இந்த வகையில் பதிவான முதல் வீடுகளில் அது ஒன்று. பிறகு வந்தது மலிவு எண்ணெயின் காலம். முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட எல்லோரும் இதை மறந்தார்கள்.

1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது ஸ்வீடன் திடுக்கிட்டது. சொந்த எண்ணெய் இல்லாத நாட்டில் வீட்டுக்கு வீடு எண்ணெய்க் கொதிகலன் நின்றது. அரசு மானியம் கொடுத்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் துளைகள் பெருகின. 1986-ல் எண்ணெய் விலை சரிந்ததும் தொழில் படுத்துவிட்டது. அவசரத்தில் போட்ட சில மோசமான வேலைகளும் பெயரைக் கெடுத்திருந்தன. படுத்த தொழிலை மறுபடி எழுப்பியது வெறும் மானியம் அல்ல என்பது முக்கியம். 1991-ல் ஸ்வீடன் கார்பன் வரி விதித்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அரசு அமைப்பு உற்பத்தியாளர்களுக்குப் போட்டி வைத்தது: திறன் 30 விழுக்காடு கூட வேண்டும், விலை 30 விழுக்காடு குறைய வேண்டும், செய்து காட்டுபவருக்குக் கொள்முதல் உறுதி. செய்து காட்டினார்கள். சோதனைச்சாலையில் அளந்து முடிவை வெளியிட்டதால் மக்களுக்கு நம்பிக்கை திரும்பியது. இன்று அந்நாட்டின் தனி வீடுகளில் ஐந்தில் ஒன்று என்ற அளவில் நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கிறது. வீடுகளில் எண்ணெய்க் கொதிகலன் அநேகமாக ஒழிந்தே போனது. நல்ல பொருளை மலிவாக்கி, கெட்ட பொருளை விலையேற்றி, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்த அரசு அது. எந்த ஒன்றை விட்டிருந்தாலும் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

வெப்பம் இப்போது தரைக்கடியில் ஓடும் 35 டிகிரித் தண்ணீரில் இருக்கிறது. தரைவழியாக அறைக்குள் பரவி, சுவரிலும் கண்ணாடியிலும் கசிந்து, கடைசியில் பனிக்காற்றில் கலந்துவிடுகிறது. இந்தக் கடைசிப் பகுதியை எவ்வளவு தாமதப்படுத்துகிறோமோ அவ்வளவுக்குத் துளையும் பெட்டியும் சிறியதாக இருந்தாலே போதும். ஸ்வீடன்காரர்கள் துளை போடும் முன்பே சன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடியும் சுவருக்குக் கனத்த காப்பும் வைத்துவிட்டார்கள்.

கோடையில் பயணம் திரும்புகிறது. பாறைதான் குளிர்ந்திருக்கிறதே, கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, துளையின் திரவத்தை மட்டும் சுற்றவிட்டு, அதன்மேல் விசிறிக் காற்றைச் செலுத்தினால் வீடு குளிர்கிறது. ஒரு சிறிய பம்பு ஓடும் செலவுதான். வீட்டின் வெக்கை துளைக்குள் இறங்கி, அடுத்த குளிர்காலத்துக்காகப் பாறையில் சேர்கிறது. ஸ்டாக்ஹோமின் ஆர்லாண்டா விமான நிலையம் 2009 முதல் இதையே பேரளவில் செய்கிறது: கோடையின் சூட்டையும் குளிர்காலத்தின் குளிரையும் மண்ணுக்கடியில் இருக்கும் நீர்த்தாங்கியில் பருவத்துக்குப் பருவம் மாற்றி மாற்றி வைத்து எடுக்கிறது. வெப்பர் குழாய் புதைத்த அதே இண்டியானா மாநிலத்தில், மன்சியில் இருக்கும் பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் சுமார் 3,600 துளைகள் போட்டு, தன் நிலக்கரிக் கொதிகலன்களை 2014-ல் நிறுத்தியது.

பாறையின் சேமிப்புக்கு எல்லை உண்டு. ஆண்டுக்கு 20,000 யூனிட் வெப்பம் கேட்கும் வீடு ஒன்றில் 6,000 யூனிட் மின்சாரம் என்றால், மீதி 14,000 யூனிட் பாறை கொடுக்க வேண்டும். 200 மீட்டர் துளையைச் சுற்றி ஐந்து மீட்டர் ஆரத்துக்கு இருக்கும் பாறை ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ 9,400 யூனிட் கிடைக்கும். சுற்றிலுமிருந்து வெப்பம் வந்து நிரப்பாவிட்டால் ஒரே ஆண்டில் அந்தப் பாறை ஒன்றரை டிகிரி ஆறிவிடும். வந்து நிரப்புகிறது, ஆனால் மெதுவாக. துளை குட்டையாக இருந்தால் ஆண்டுக்கு ஆண்டு திரவம் குளிர்ந்துகொண்டே போகும், கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கும், துளைக்குள் நீர் உறைந்து குழாயை நசுக்கவும் நசுக்கலாம். லுண்ட் பல்கலைக்கழகத்தில் யோஹான் கிளாசனும் பெர் எஸ்கில்சனும் எண்பதுகளில், பாறை இப்படி நீண்டகாலத்தில் குளிர்வதைக் கணக்கிடும் முறையை வகுத்தார்கள். உலகெங்கும் துளையின் நீளத்தை முடிவுசெய்யும் மென்பொருள்களுக்கு அதுதான் அடித்தளம். பக்கத்து வீட்டுத் துளைக்கு 20 மீட்டர் தள்ளிப் போட வேண்டும் என்ற ஸ்வீடன் வழக்கமும் இந்தக் கவலையில் பிறந்ததே. இரண்டு வீடுகள் ஒரே பாறையைச் சுரண்டக் கூடாது.

சென்னையில் இதைச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சென்னையின் நிலம் ஆண்டு முழுவதும் 28, 29 டிகிரிக்குக் குறையாது. வெளிக்காற்று 40 டிகிரியில் கொதிக்கும்போது ஏசியின் சூட்டை அந்த நிலத்தில் கொட்டுவது முதல் சில ஆண்டுகளுக்கு லாபம்தான். ஆனால் கொட்டியதைத் திரும்ப எடுக்கும் குளிர்காலம் நமக்கு இல்லை. சூடு துளையைச் சுற்றித் தேங்கி, நாளடைவில் அந்த லாபத்தைத் தின்றுவிடும். கொடுப்பதும் வாங்குவதும் இருக்கும் ஊர்களுக்கான இயந்திரம் இது. காஷ்மீருக்கும் லடாக்குக்கும் பொருந்தும் அளவுக்குத் தமிழ்நாட்டுச் சமவெளிக்குப் பொருந்தாது.

ஸ்வீடனில் இப்போது பழைய துளைகளுக்கு ஒரு புதிய சிக்கல் வந்திருக்கிறது. ஹீட் பம்பின் ஆயுள் இருபது ஆண்டு வாக்கில் முடிகிறது. குழாய்க்கோ ஐம்பது ஆண்டுக்கும் மேல் ஆயுள். தொண்ணூறுகளில் துளை போட்ட வீட்டுக்காரர் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறார். பழைய பெட்டி 20,000 யூனிட் வெப்பத்துக்கு 8,000 யூனிட் மின்சாரம் எடுத்தது. பாறையிடம் கேட்டது 12,000. புதிய பெட்டி 5,000 யூனிட்டில் வேலையை முடித்துவிடும்; ஆனால் பாறையிடம் 15,000 கேட்கும். இயந்திரம் திறமையாக ஆக ஆக, நிலத்தின்மேல் சுமை ஏறுகிறது. நூறு மீட்டருக்குப் போட்ட பழைய துளை அதைத் தாங்காது. ஆகவே டிரில்லர் காப்பகத்திலிருந்து அந்தத் துளையின் பழைய பதிவை எடுத்து, கேசிங் எவ்வளவு, பாறை எப்படி என்று பார்க்கிறார். குழாயை உருவி எடுத்துத் துளையை ஆழப்படுத்த முடிந்தால் அதைச் செய்கிறார். முடியாவிட்டால் மனையின் மறுமூலையில் இரண்டாவது துளை போட்டு, இரண்டையும் இணைத்துவிடுகிறார்.